அஞ்சியவரே அஞ்சா நெஞ்சர் ஆனார்



தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தில் ஓகஸ்ட் திருவிழா நிகழும் காலத்திலேயே கற்பிட்டிக் கடலில் சோளகக் காற்றும் சீறி வீசுகின்றது. கடலுக்குச் சென்றவர் கரைசேரும்வரை கையில் செபமாலையோடு காத்திருக்கும் தாய்மாரின் நெஞ்சில் அச்சம் இல்லையென்று யார் கூறுவர்? ஆயினும் அஞ்சுவது விசுவாசக் குறைவோ என நம்மில் பலர் கலங்குகின்றோம். அவ்வாறு கலங்குவோர் அறிய வேண்டிய ஒருவர், அயர்லாந்து நாட்டு இயேசு சபைக் குருவான அருட்தந்தை வில்லி டொயில்.

டப்ளின் நகருக்கு அருகிலுள்ள டோக்கி என்னும் கடலோர ஊரில் 1873 மார்ச் 3ஆம் திகதி, ஏழு பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளையாக அவர் பிறந்தார். 1891இல் இயேசு சபையில் சேர்ந்தார். பயிற்சிக் காலத்தில் இல்லத்தில் மூண்ட தீ அவரது மனத்தை உலுக்கியது. நரம்புத் தளர்ச்சியால் பெரிதும் துன்புற்றார். இவரால் குருவாக முடியுமா என்ற ஐயமும் எழுந்தது. எனினும் 1907இல் அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

முதலாம் உலகப் போர் மூண்டபோது, 1915இல் 16ஆவது அயர்லாந்துப் படைப்பிரிவின் ஆன்ம குருவானார். அவர் கையில் ஆயுதம் இல்லை. நோயாளர் தைலமும் திவ்விய நற்கருணையுமே இருந்தன. குண்டுமழைக்கு நடுவே சேற்றில் தவழ்ந்துசென்று, இறக்கும் வீரருக்குப் பாவமன்னிப்பு அளித்தார். 1916இல் சோம் போர்க்களத்தில் ஆற்றிய துணிகரப் பணிக்காக 1917 ஜனவரியில் 'இராணுவச் சிலுவை' விருது அவருக்கு வழங்கப்பட்டது. அந்த வீரரே தம் தந்தைக்கு எழுதிய கடிதங்களில் தமது நடுக்கத்தை மறைக்கவில்லை.

1917 ஓகஸ்ட் 16ஆம் திகதி, பெல்ஜியத்தின் ஈப்ரஸ் போர்முனையில் காயமுற்றோருக்குப் பணியாற்றுகையில் எறிகணைக்கு இரையானார். அவரது உடல் கிடைக்கவேயில்லை. கத்தோலிக்கர் மட்டுமன்றி, புரட்டஸ்தாந்து வீரர்களும் அவரைப் போற்றினர். 2022இல் மீத் மறைமாவட்டம் அவரது புனிதர்பட்டப் பணியைத் தொடங்கியது.

அன்பானவர்களே, கெத்சமெனித் தோட்டத்தில் நம் ஆண்டவரும் கலங்கினார். ஆயினும் விலகிச் செல்லவில்லை. அஞ்சாதிருத்தல் அன்று, அஞ்சியபோதும் அயலாரைக் கைவிடாதிருத்தலே வீரம். இவ்வாரம் உங்கள் அயலில் நோயுற்றோ, கடலில் உறவை இழந்தோ தனித்திருப்பவர் யார்? என்ன பேசுவது என்ற தயக்கத்தால் இதுவரை நீங்கள் மிதிக்காத அந்த வாசற்படியை இன்றே மிதியுங்கள். சொற்கள் வராவிடினும் அருகில் அமருங்கள். அதுவும் செபமே.