ஷையன் மொழியின் இன்றைய நிலை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மொன்டானா, ஓக்லஹோமா மாநிலங்களில் வாழும் ஷையன் பழங்குடியினருள் தாய்மொழியை நன்கு பேசுவோர் இன்று பெரும்பாலும் முதியோரே. அம்மொழியில் திருமறை இல்லாமலில்லை. 1891இல் அவர்களிடையே பணி தொடங்கிய சுவிட்சர்லாந்து மெனனைட் மிஷனெரி ரொடால்ஃப் பெட்டர், 1915இல் அகராதியையும் 1934இல் புதிய ஏற்பாட்டையும் வெளியிட்டார். கடவுளைக் குறிக்க அம்மக்களின் சொல்லாகிய ‘மாஹேயோ’வையே கையாண்டார், நல்ல தெரிவு என்றே நாம் எண்ணுகிறோம்.

ஆயின் அக்காலத்தில் அரசும் சில சபைகளும் நடத்திய விடுதிப் பள்ளிகளில், தாய்மொழி பேசிய பழங்குடிப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். ஏட்டில் மொழியைக் காத்ததும், நாவினின்று அதனை அகற்றியதும் ஒரே காலத்து மிஷன் வரலாற்றைச் சார்ந்தவை. இதனை நாம் மறைப்பதற்கில்லை. அப்பிள்ளைகளுள் பலர் பெற்றோரானபோது, தாம் பட்ட துன்பம் தம் மக்களுக்கு வேண்டாமென்று ஆங்கிலமே பேசினர். மொண்டானாவின் லேம் டியர் ஊரிலுள்ள சீஃப் டல் நைஃப் கல்லூரியில் இம்மொழி கற்பிக்கப்படுகிறது. ஆனால் இளையோர் அதனை இரண்டாம் மொழியாகவே கற்கின்றனர்.