அ = அ + 1

எங்கள் தெருவில் ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது. பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்ற கணினி மொழியைப் படிக்கிறாள். கோடிங் என்கிறார்களே, அது என்னதான் என்று பார்த்துவிடுவோம் என அவளுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அரைமணி நேரத்தில் சண்டை. அவள் நோட்டில் எழுதியிருந்தது ஒரே ஒரு வரிதான்: அ = அ + 1.

"ரெண்டு பக்கமும் அ-வை அடிச்சுட்டா பூஜ்யம் சமம் ஒண்ணு. இப்படி எழுதினவனுக்கெல்லாம் நான் மார்க்கைக் குறைச்சிருக்கேம்மா."

"தாத்தா, அது சமன்பாடு இல்ல. உத்தரவு."

பேத்தி சொன்னதுதான் சரி. கணினி இந்த வரியை வலப்பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அ என்ற பெயரில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்க்கும். 5 இருந்தால் ஒன்றைக் கூட்டி, வந்த 6-ஐ மறுபடி அ என்ற பெயரிலேயே வைத்துவிடும். நடுவில் நிற்கும் குறிக்கு இங்கே 'சமம்' என்று பொருள் இல்லை. 'வை' என்று பொருள்.

ஆனாலும் வாத்தியாரின் கோபத்தில் நியாயம் உண்டு. வேல்ஸ் நாட்டுக்காரரான ராபர்ட் ரெக்கார்டு 1557-இல் இந்தக் குறியை அச்சில் கொண்டுவந்தபோது சொன்ன காரணமே, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானது வேறெதுவும் இருக்க முடியாது என்பதுதான். நானூறு ஆண்டுகள் அந்தப் பொருளோடு இருந்த குறியை, 1957-இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழு உருவாக்கிய ஃபோர்ட்ரான் மொழி 'வை' என்ற வேலைக்கு எடுத்துக்கொண்டது. எல்லோரும் அதைப் பின்பற்றவில்லை. அல்கால் மொழிக்காரர்கள் முன்னால் இரண்டு புள்ளி வைத்து := என்று எழுதினார்கள்; பாஸ்கலும் அப்படியே. 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் அறிவியல் படிக்காத மாணவர்களையும் மனதில் வைத்து பேசிக் மொழியைச் செய்தபோது, வரியின் தொடக்கத்தில் 'லெட்' என்று ஒரு சொல்லைப் போட்டார்கள். 'அ என்பது 5 ஆக இருக்கட்டும்' என்று படிக்கலாம். குழப்பம் பாதி குறைந்துவிடும்.

பிறகு பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் பி மொழியை எழுதினார். நிரல்களில் 'வை' என்பது 'சமமா?' என்ற கேள்வியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது, ஆகவே அதற்குக் குட்டையான குறி போதும் என்பது அவர் கணக்கு. 'வை' என்பதற்கு ஒற்றை =, 'சமமா?' என்று கேட்க இரட்டை ==. பி-யிலிருந்து சி, அங்கிருந்து ஜாவா, பைத்தான் என்று அந்த வழக்கம் பரவிவிட்டது. கைதேர்ந்தவருக்கு ஒரு விசை மிச்சம். அதற்கான விலையைப் புதிதாகப் படிக்க வருபவர் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கோடிங் வகுப்புக்கு வருபவர் ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துக்கொள்கிறோம். நான் பார்த்தவரை அவருக்கு ஏற்கெனவே நிறையத் தெரிந்திருப்பதுதான் தொல்லை. 1985-இல் போனர், சோலோவே என்ற ஆய்வாளர்கள் பாஸ்கல் கற்கும் மாணவர்களைக் கவனித்து இதையே எழுதினார்கள். 'வைல்' என்ற கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள்: அ 10-ஐவிடக் குறைவாக இருக்கும்வரை இந்த நான்கு வரிகளைத் திரும்பத் திரும்பச் செய். முதல் வரியிலேயே அ 12 ஆகிவிட்டால்? அந்த நொடியே வேலை நின்றுவிடும் என்று மாணவர்கள் எதிர்பார்த்தார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். கணினியோ ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தில் மட்டும்தான் நிபந்தனையைப் பார்க்கும். மீதி மூன்று வரிகளையும் முடித்துவிட்டுத்தான் நிற்கும். அவர்களை அங்கே இடறிவிட்டது தாய்மொழியான ஆங்கிலம். 'எனக்கு இங்கிலீஷ் வராதே, கோடிங் எப்படி வரும்?' என்று கேட்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

தமிழிலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழி இருக்கிறது. அதில் நிபந்தனை முதலில் வரும், 'ஆனால்' என்ற சொல் பின்னால் வரும். தமிழ் வாக்கியம் போகிற போக்கிலேயே. அழகான ஏற்பாடு. ஆனால், இந்த 'ஆனால்' வேறு, அந்த 'ஆனால்' வேறு என்று அங்கேயும் ஒருமுறை விளக்கத்தான் வேண்டும்.

ஏற்கெனவே தெரிந்தது இடறிவிடும் கதை லோகோ மொழியின் ஆமையிடமும் உண்டு. 1967-இல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோர்ஸீக், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்கென்று செய்த மொழி அது. அதில் திரையில் நகரும் ஆமைக்கு 'முன்னே போ, திரும்பு' என்று சொன்னால் அது கோடு வரையும். முக்கோணம் வரையச் சொன்னால், கோணம் 60 டிகிரி என்று பள்ளியில் படித்த பிள்ளை 60 டிகிரி திருப்பும். ஆமை அறுகோணத்தின் பாதியை வரைந்துவிட்டு நிற்கும். பேப்பர்ட் சொன்ன வைத்தியம் எளிமையானது: நீயே ஆமையாகி நடந்து பார். நடந்தால் கால் சொல்லிவிடும், திரும்ப வேண்டியது 120 டிகிரி என்று. அந்த ஆமை இன்று பைத்தானுக்குள்ளும் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய பிழையை ராய் பீ என்ற ஆய்வாளர் 1986-இல் 'சூப்பர்பக்' என்றே அழைத்தார். இயந்திரத்துக்குள் நம் மனதைப் புரிந்துகொள்ளும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்ற நம்பிக்கை அது. டீக்கடையில் 'அண்ணே, வழக்கம்போல' என்றால் சர்க்கரை கம்மியாக வந்துவிடும். கணினியிடம் அது நடக்காது. அ போன்ற ஒரு மாறிக்குப் 'பெரியது' என்று பெயர் வைத்துவிட்டால் பெரிய எண் தானாக அதில் போய் உட்காரும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் 'புளியங்கொட்டை' என்று பெயர் வைத்திருந்தாலும் கணினிக்கு ஒன்றுதான். (பைத்தானில் இப்படித் தமிழ்ப் பெயரே வைக்கலாம்.) சொன்னால் நிரலையே எழுதித் தரும் ஏஐ வந்த பிறகு இந்த நம்பிக்கை கூடியிருக்கிறது. எழுதித் தந்ததை ஓட்டுவது பழைய கணினிதான். அதற்கு இன்னும் மனம் கிடையாது.

பேத்தி வாத்தியாருக்குக் கொடுத்த வைத்தியம் ஒரு பென்சில். நோட்டில் அ, ஆ என்று இரண்டு பத்தி போட்டு, ஒவ்வொரு வரி முடிந்ததும் எதில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். விடையை ஊகித்த பிறகுதான் நிரலை ஓட்ட வேண்டும். அ-வில் 5, ஆ-வில் 7. இரண்டையும் இடம் மாற்ற அவர் எழுதியது: அ = ஆ, அடுத்து ஆ = அ. பத்திகளை நிரப்பியதும் இரண்டிலும் 7 நின்றது. 5 போன இடம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தவர், மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு, 5-ஐ முதலில் அதில் பத்திரப்படுத்திக்கொண்டார். யாரும் சொல்லித்தரவில்லை.

போன வாரம் அவர் கணினியிடம் 0.1 + 0.2 == 0.3 என்று கேட்டார். இல்லை என்றது. கூட்டி மட்டும் காட்டச் சொன்னால் 0.30000000000000004 என்றது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பேத்தி நிதானமாக விளக்கினாள். கணினி எண்ணுவது இரண்டின் அடுக்குகளில். நாம் பத்தில் எழுதும்போது 1/3 முடியாமல் 0.333 என்று நீள்வதுபோல, அங்கே 0.1 முடியாமல் நீள்கிறது. எங்கேயோ வெட்டித்தான் ஆக வேண்டும்.

வாத்தியார் சண்டை போடவில்லை. "1/3-க்கு 0.33ன்னு எழுதின பயலுக்கெல்லாம் முழு மார்க் போட்டவன்தானே நான்" என்று சொல்லிவிட்டு நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.