மேற்குச் சுவரின் கணக்கு

கச்சான் வீசும் நாளொன்றில், இரவு எட்டரை மணிக்குத் திருகோணமலை லிங்கநகர் வீடொன்றின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெயில் இறங்கி இரண்டு மணி நேரமாகியிருக்கும். முற்றத்து மணல்கூட ஆறத் தொடங்கியிருக்கும். சுவர் மட்டும் காய்ச்சல்காரரின் நெற்றிபோலச் சுடும். துறைமுகம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் கச்சான் காய்ந்த தரையைக் கடந்து தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. கடலின் குளிர்ச்சி அதில் இல்லை. மே தொடங்கி ஆகஸ்ட் வரை திருகோணமலையில் பகல் வெப்பம் 34, 35 பாகையைத் தொடுவது வழமை.

இந்தச் சூட்டைக் குறைக்க என்ன செய்யலாம் என்று மேசனைக் கேட்டால், “பூச்சைக் கொஞ்சம் தடிப்பாய்ப் போடுவம் அண்ணை” என்பார். கையில் காசு இருந்தால் நாலு அங்குலக் கல்லுக்குப் பதில் ஆறு அங்குலக் கல் வைக்கச் சொல்வார்கள். இரண்டுமே நல்ல மனத்தோடு சொல்லப்படும் யோசனைகள். ஆனால் வெப்பம் சுவரைக் கடக்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் அந்தக் காசை வேறிடத்தில் போடத் தோன்றும்.

பாலங்கள் வருவதற்கு முன் திருகோணமலையிலிருந்து மூதூர்ப் பக்கம் தரைவழியாகப் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒவ்வொரு துறையிலும் பாதைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது. பயண நேரம் என்பது அந்தக் காத்திருப்புகளின் கூட்டுத்தொகை. இடையில் உள்ள தெருவை எவ்வளவு அகலமாக்கினாலும் பயணம் சுருங்காது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபோதுதான் பெரியதொரு காத்திருப்பு ஒழிந்தது.

சுவரிலும் அப்படித்தான். வெளிப்பூச்சு, கல், உட்பூச்சு என ஒவ்வோர் அடுக்கும் ஒரு துறை. ஓர் அடுக்கின் தடிப்பை அந்தப் பொருளின் வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் வருவது அதன் தடை. அடுக்குகளின் தடைகளைக் கூட்டினால் சுவரின் தடை. 1822இல் வெளிவந்த நூலில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே அமைத்த விதியிலிருந்து வருகிற கணக்கு இது. ஒரு வித்தியாசம் உண்டு: ஆற்றில் காத்திருப்பைக் குறைக்க விரும்பினோம், சுவரில் அதைக் கூட்ட விரும்புகிறோம்.

ஆறு அங்குலச் சீமெந்துக் கல்லின் தடை ஏறத்தாழ 0.15 (அலகு: சதுர மீற்றர்-பாகை/வாட்). இருபுறப் பூச்சும் சேர்ந்து 0.04. சுவரின் இரு முகங்களிலும் ஒட்டி நிற்கிற மெல்லிய காற்றுப் படலங்களின் தடை 0.17. கல்லைவிடக் காற்றுப் படலத்தின் பங்கு பெரிது என்பதைப் பாருங்கள். மொத்தம் 0.36. வெளியேயும் உள்ளேயும் 10 பாகை வித்தியாசம் இருந்தால், பத்தடிக்குப் பத்தடிச் சுவர் ஒன்றின் வழியே ஏறத்தாழ 260 வாட் உள்ளே வரும். பூச்சை இன்னொரு சென்ரிமீற்றர் தடிப்பாக்கினால் கூடுவது வெறும் 0.014. கல்லை இரட்டை வரிசையாக வைத்தாலும் வெப்பம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையாது. செலவோ இரட்டிப்பாகும்.

அதே சுவரில் ஓர் அங்குலத் தென்னந்தும்புப் பலகையைச் சேர்த்தால் தடை 0.92 ஆகிறது. 260 வாட் 100 வாட்டாக இறங்குகிறது. தும்பு இழைகளுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கிற காற்றுதான் வேலையைச் செய்கிறது. ரெஜிபோமும் அதே காரணத்தால்தான் தடுக்கிறது. தகரக் கூரையின் மேல் கிடுகு பரப்புகிற நம் வழக்கத்திலும் இதே அறிவு இருக்கிறது. தகரத்தின் தடை கணக்கில் எடுக்கவே வேண்டாத அளவு சிறியது. கிடுகு நிழலும் தருகிறது, அடுக்குகளுக்குள் காற்றையும் பிடித்து வைக்கிறது.

கூட்டல் கணக்குச் சொல்லாத ஒன்றும் உண்டு. வெயில் நாள் முழுக்க ஒரே அளவாக அடிப்பதில்லை. வெப்பம் அலைபோல் ஏறி இறங்குகிறது. அந்த அலை செங்கல்லுக்குள் 12 சென்ரிமீற்றர் போக ஏறத்தாழ நாலு மணி நேரம் எடுக்கும். அவ்வளவு தூரத்தில் அதன் வீச்சு மூன்றில் ஒரு பங்களவாகச் சுருங்கும். பிரெட்ரிக் கோட்டையின் பருத்த கல்மதிலுக்குள் அலை உட்புறம் வருமுன்னே மடிந்துவிடும். நம் ஆறு அங்குலச் சுவரிலோ பிற்பகல் நாலு மணிச் சூடு சரியாகப் படுக்கைக்குப் போகிற நேரத்தில் உட்புறம் வந்து சேருகிறது. ஆகவே தும்புப் பலகையை எந்தப் பக்கம் வைப்பது என்பது முக்கியம். வெளியே வைத்தால் கல் சூடேறுவதே குறையும். மழையிலிருந்தும் கறையானிலிருந்தும் அதைக் காப்பது கடினம் என்றால் உள்ளே வைக்கலாம், ஆனால் கல் பகல் முழுக்கக் காய்ந்துகொண்டுதான் இருக்கும்.

வீட்டுத்திட்டங்களிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 2016இல் வடக்குக்கும் கிழக்குக்கும் 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் வந்தது. வீடொன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய் என்றார்கள். எதிர்ப்புக்கான காரணங்களில் வெப்பமும் ஒன்றாக இருந்தது. மக்கள் கல்வீட்டையே கேட்டார்கள், திட்டம் அப்படியே நிறைவேறவில்லை. அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் உருக்கு என்பதால் மட்டும் வீடு சூடாகாது, கல் என்பதால் மட்டும் குளிராது. உருக்குச் சுவரின் இரண்டு தகடுகளுக்கு நடுவே என்ன வைக்கிறார்கள், திருகாணியும் சட்டமும் அந்த நடுப்பொருளைத் துளைத்து வெப்பத்துக்குக் குறுக்குவழி திறக்கின்றனவா என்பதில்தான் விடை இருக்கிறது. நம் கல்வீட்டிலும் கொங்கிறீற் தூணும் லிண்டலும் அப்படிப்பட்ட குறுக்குவழிகள்தான். செங்கல்லைவிட இரு மடங்குக்கு மேல் வேகமாக அவை வெப்பத்தைக் கடத்தும்.

இதில் வெளிநாட்டு அறிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஹல்வதுரவும் ஜயசிங்கவும் நம் காலநிலைக்கு ஏற்பக் கொங்கிறீற் கூரைத்தட்டுக்கு வெப்பக்காப்பு இடுவதை ஆராய்ந்து 2008இலேயே வெளியிட்டிருக்கிறார்கள். அந்த அறிவு வீட்டுத்திட்டப் படிவங்களுக்குள் வர வேண்டும்.

வீடு கட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் கூரையைக் கவனியுங்கள், அடுத்து மேற்குச் சுவரை. அந்தப் பக்கம் ஒரு பத்தி இறக்கி வெயிலைச் சுவரில் படாமல் செய்வதே மலிவான வழி. வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்திருந்தால், வரைபடத்தைக் காட்டுகிற அதிகாரியிடம் எத்தனை சதுர அடி என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இந்தச் சுவரின் வெப்பத் தடை எவ்வளவு என்றும் கேளுங்கள்.