சன்னலைத் திறந்து வையுங்கள்!

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் எப்படி வந்தது, தெரியுமா? 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளை அழித்தன. பிறகு செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுக்குக் கல் அறுத்துச் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ்.

அந்தச் செங்கல்லிலும், நம் காலடி மண்ணிலும், கருங்கல்லிலும் யுரேனியம் மிகச் சிறிதளவு கலந்திருக்கிறது. அது மெல்ல மெல்லச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு பிறக்கிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. தரை வெடிப்பு வழியாகவும் சுவர் வழியாகவும் வீட்டுக்குள் கசிந்து வருகிறது.

கதிர்வீச்சு என்றதும் பேராக்கின் புக்கிட் மேரா உங்கள் நினைவுக்கு வரலாம். அது தொழிற்சாலைக் கழிவால் வந்த வினை. இதுவோ பூமி பிறந்த நாள் முதல் இருப்பது.

வெளியில் இருக்கும்வரை காற்று ரேடானைக் கலைத்துவிடும். அடைத்த அறையில் தேங்கினால்தான் தொல்லை. அது சிதையும்போது உண்டாகும் நுண்துகள்கள் தூசியில் ஒட்டி, மூச்சோடு சென்று நுரையீரலில் தங்கிவிடுகின்றன. பல ஆண்டுகள் இப்படியே போனால் புற்றுநோய் வரக்கூடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 1988-இல் இதை உறுதி செய்தது. புகை பிடிப்பவருக்கோ ஆபத்து பல மடங்கு.

கண்ணுக்குத் தெரியாததை எப்படி அளப்பது? சிறு பிளாஸ்டிக் துண்டு ஒன்றை டப்பியில் வைத்துச் சில மாதங்கள் வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். கதிர் பட்ட இடமெல்லாம் நுண்ணிய வடு விழும். அவற்றை உருப்பெருக்கியில் பார்த்து எண்ணினால் கணக்குக் கிடைக்கும். வினாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். உலக வீடுகளின் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சுமார் 40 பெக்கரல். 100-க்குள் இருப்பது நல்லது, 300-ஐத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் கூறியது.

40 பெக்கரல் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 7,000 மணி நேரம் இருப்பவருக்கு ஏறக்குறைய 1 மில்லிசீவர்ட் கதிர் சேரும். இயற்கையில் எல்லா வழியாகவும் ஒருவருக்குச் சேர்வது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். வீட்டில் ரேடான் இரட்டித்தால் அதன் பங்கும் இரட்டிக்கும்.

பலகை லயங்களில் இடுக்கெல்லாம் காற்று புகுந்து வெளியேறியது. இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டுக் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் கல்வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டோம். திருட்டுப் பயம், கொசு, குளிர்சாதனம் என்று சன்னலை மூடியே வைக்கிறோம்.

பயம் வேண்டாம். நம் வெப்ப நாட்டில் சன்னலைத் திறந்தாலே பெரும் பகுதி வெளியேறிவிடும். காலையும் மாலையும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள். தரை வெடிப்பைச் சிமெண்டு பூசி அடையுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் சிகரெட்டும் சுருட்டும் வேண்டவே வேண்டாம். வீட்டுத் தலைவர்களே, இந்தக் கடைசி வார்த்தை முக்கியமாக உங்களுக்குத்தான்!