கேரவனில் நாயுடன் லடாக் பயணமா? இரவு தங்கும் உயரமே முக்கியம்

புதுடெல்லி: கேரவன் வாகனத்தில் வளர்ப்பு நாயுடன் லடாக் செல்லத் திட்டமிடுவோர், இரவில் எங்கு தங்குவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்வது அவசியம். நினைத்த இடத்தில் நிறுத்தி உறங்கலாம் என்ற கேரவனின் வசதியே, இம்மலைப்பாதையில் ஆபத்தாக மாறக்கூடும்.

உயரம் ஏன் முக்கியம்?

மணாலி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை, லே செல்லும் தூரத்தை 46 கி.மீ. குறைத்துள்ளது. அதன்பின் பாரலாச்சா லா கணவாய் சுமார் 4,890 மீட்டர், தாங்லாங் லா 5,328 மீட்டர் என சாலை உயர்ந்துகொண்டே செல்கிறது. தாங்லாங் லாவில் சுவாசிக்கக் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி மட்டுமே.

சுமார் 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் அதிகரிக்கக் கூடாது என்பது மனிதர்களுக்கான மருத்துவப் பரிந்துரை. நாய்களுக்கும் உயர மலை நோய் ஏற்படும் என்பதால், இதே எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.

சர்ச்சுவில் என்ன சிக்கல்?

வழியில் பலர் தங்கும் சர்ச்சு, சுமார் 4,290 மீட்டர் உயரத்தில் உள்ளது. நள்ளிரவில் உடல்நிலை மோசமானால் உடனே கீழே இறங்குவதே முதன்மையான சிகிச்சை. ஆனால் சர்ச்சுவிலிருந்து மணாலி பக்கம் திரும்பினாலும், லே நோக்கிச் சென்றாலும், மேலும் உயரமான கணவாய்களைக் கடந்தாக வேண்டும்.

எனவே ஸ்ரீநகர், கார்கில் வழியாகச் செல்வது பாதுகாப்பானது. சுமார் 2,680 மீட்டர் உயரமுள்ள கார்கிலில் இரவு தங்கி, 4,108 மீட்டர் உயர ஃபோட்டு லாவைப் பகலில் கடந்து, சுமார் 3,500 மீட்டரில் உள்ள லேயை அடையலாம். அங்கு சில நாட்கள் ஓய்வெடுத்த பின், மணாலி வழியாகத் திரும்பலாம்.

அறிகுறிகள் என்ன?

ஓய்வில் இருக்கும்போதும் நிற்காத மூச்சிரைப்பு, வாந்தி, உணவை மறுத்தல், தள்ளாட்டம், வெளிறிய அல்லது நீலம் பாய்ந்த ஈறுகள் ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களையும், இதய நோயுள்ள நாய்களையும் இப்பயணத்தில் தவிர்ப்பது நல்லது. மனிதர்களுக்கான இபுபுரூஃபன், பாராசிட்டமால் மாத்திரைகள் நாய்களுக்கு நஞ்சாகும். எந்த மருந்தையும் கால்நடை மருத்துவரிடம் கேட்ட பின்னரே தர வேண்டும்.

வாகனத்திற்குள் கவனம்

குளிருக்காகக் கதவு, ஜன்னல்களை அடைத்துவிட்டு எரிவாயு அடுப்பை எரிய விடக் கூடாது. அதில் உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். வெளியே குளிராக இருந்தாலும், வெயிலில் நிற்கும் மூடிய வாகனத்தின் உட்புறம் விரைவில் சூடேறும். ஆகவே, நாயை உள்ளே தனியே விட்டுச் செல்லக் கூடாது.

கழுத்துவார் அவசியம்

மர்மோட், கியாங் எனப்படும் காட்டுக் கழுதை போன்ற வனவிலங்குகள் சாலையோரத்திலேயே காணப்படும். தரையில் கூடு கட்டும் கருங்கழுத்துக் கொக்கு, லடாக்கின் மாநிலப் பறவை. அதன் முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் நாய்களால் பெரும் அச்சுறுத்தல் உள்ளது. தெருநாய்க் கூட்டங்களும் இப்பகுதியில் திரிவதால், வெறிநாய்க்கடி தடுப்பூசியை உரிய காலத்தில் செலுத்திவிட்டு, சான்றிதழுடன் புறப்படுவது அவசியம்.