கடல் நுரையும் சாளக்கிராமமும்

"சித்தப்பா, இங்கேயும் தெர்மாகோல்!"

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை. கிளிஞ்சல் பொறுக்குவதற்காகப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்திருந்த என் அண்ணன் மகள், ஒரு வெள்ளைத் துண்டைக் காலால் எத்தப் போனாள். "எடுத்துப் பார்" என்றேன்.

முக்கால் சாண் நீளம், படகு மாதிரி வடிவம். ஒரு பக்கம் கெட்டி. மறுபக்கத்தை நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. நாட்டு மருந்துக் கடையில் இதற்குக் கடல் நுரை என்று பெயர். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டில் மாட்டிவைப்பார்கள். சுண்ணாம்புச் சத்துக்காகப் பறவைகள் கொத்தித் தின்னும். பெயரில்தான் நுரை. உண்மையில் இது கணவாயின் ஓடு.

கணவாய் மீன் என்று சொல்கிறோமே தவிர அது மீனே இல்லை. நத்தைக்கும் சிப்பிக்கும் சொந்தக்காரன். நத்தை தன் ஓட்டை முதுகில் சுமக்கிறது, கணவாய் உடம்புக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓட்டை ஒடித்துக் காட்டினேன். உள்ளே அடுக்கடுக்காக மெல்லிய தளங்கள். தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே பொடிப்பொடித் தூண்கள். பல மாடிக் கட்டடம்தான்! இந்த அறைகளில் கொஞ்சம் வாயுவும் கொஞ்சம் நீரும் இருக்கும். நீரை வெளியேற்றினால் உடம்பு லேசாகும், கணவாய் மேலே வரும். நீரை உள்ளே விட்டால் கனம் கூடும், கீழே இறங்கும். நீர்மூழ்கிக் கப்பலும் இப்படித்தான் வேலை செய்கிறது. கணவாய் செத்து, சதை அழுகிப்போன பிறகும் அறைகளில் வாயு மிச்சம் இருப்பதால் ஓடு மிதந்து மிதந்து கரைக்கு வந்துவிடுகிறது.

"அப்போ இது ஃபாசிலா?"

இல்லை. நேற்று வரை உயிரோடிருந்த ஒன்றின் மிச்சம். ஃபாசில், அதாவது புதைபடிவம், ஆவதற்கு முதலில் புதைய வேண்டும். கடலடிச் சேற்றில் சீக்கிரமே மூடப்பட்டு, அந்தச் சேறு இறுகிப் பாறையாகி, நிலத்தடி நீரில் கரைந்துள்ள தாதுக்கள் ஓட்டுக்குள் ஊறி... இதற்கெல்லாம் பல ஆயிரம் ஆண்டுகள், பெரும்பாலும் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். கரையில் ஒதுங்கியதை அலை அரைத்து மணலாக்கிவிடும். அதனால் பெசன்ட் நகரில் கிளிஞ்சல் டப்பா நிறையக் கிடைக்கும், ஃபாசிலைத் தேட வேறு இடம் பார்க்க வேண்டும்.

அந்த வேறு இடம் மயிலாப்பூரிலேயே, எங்கள் வீட்டுப் பூஜை அறையில் இருந்தது. அவள் பாட்டி தினமும் துளசி வைக்கும் சாளக்கிராமம்! "தொடாதே, பார்த்துக்கோ" என்ற நிபந்தனையோடு பாட்டி காட்டினார். கருப்புக் கல், அதன் நடுவில் சக்கரம் போல ஒரு சுருள். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைப்பது. அந்தச் சக்கரம் அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு பதிந்த தடம். இன்று இமயமலை நிற்கும் இடத்தில் அன்று கடல் இருந்தது. பாட்டிக்கு அது பெருமாள், நிலவியல்காரர்களுக்கு அம்மோனைட். இரண்டு பேருமே பத்திரமாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

அம்மோனைட்டின் சுருள் ஓடும் அறை அறையாகத் தடுக்கப்பட்டதுதான். கடைசி அறையில் அது குடியிருந்தது. மற்ற அறைகள் மிதப்பதற்கு. காலையில் ஒடித்த ஓடு ஞாபகம் வருகிறதா? கணவாயும் அம்மோனைட்டும் ஒரே வகுப்பைச் சேர்ந்த உறவினர்கள். 1895-ல் ஜெர்மனியில் கிடைத்த அம்மோனைட் ஒன்றின் குறுக்களவு 1.7 மீட்டருக்கு மேல். உங்கள் அப்பா உயரம் இருக்கும்! ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில், அம்மோனைட்டுகளும் அழிந்தன.

நேபாளம் வரைகூடப் போக வேண்டாம். நம் அரியலூர் வட்டாரத்தில் அம்மோனைட்டுகள் ஏராளம். அங்கேயும் அன்று கடல்தான். திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கங்களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு அதிகாரிகள் சேகரித்த ஓடுகளை ஆராய்ந்து, இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் அறிக்கை வெளியிட்டார். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக் கல்லில் பழங்காலச் சிப்பிகள் நெருக்கமாகப் பதிந்து கிடக்கின்றன. சிமென்ட் ஆலைகள் வெட்டி எடுப்பது அந்தக் கல்லைத்தான். தி. நகரில் எழும்பும் ஏதோ ஒரு அடுக்குமாடியின் சுவரில் அந்தச் சிப்பிகளும் கலந்திருக்கலாம். எனக்கு இதை நினைத்தால் சிரிப்பு வரும்: ஃப்ளாட் வாங்கினால் ஃபாசில் இலவசம்.

கடற்கரைக்குப் போனால் சில விஷயங்களில் கவனம் வேண்டும். உள்ளே உயிர் இருக்கும் சங்கைத் திரும்பக் கடலில் விடுங்கள். நீல நிறத்தில் பலூன் போல ஏதாவது ஒதுங்கிக் கிடந்தால் தொடவே கூடாது, கொட்டும். பவளத்தையும் சில வகைச் சங்குகளையும் எடுப்பது சட்டப்படி குற்றம், போட்டோ போதும். மட்டி ஓட்டில் துளை போட்டது போல வட்டமான ஓட்டை தெரிந்தால் அதை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். நிலா நத்தை என்ற வேட்டைக்காரன் அமிலத்தால் இளக்கி, அரம் போன்ற நாக்கால் சுரண்டித் துளைத்து, உள்ளே இருந்ததைத் தின்ற அடையாளமாக அது இருக்கலாம். இதே மாதிரி ஓட்டை டைனோசர் காலத்துச் சிப்பி ஃபாசில்களிலும் உண்டு.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியதே சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளோடுதான். நிலவியல் பகுதியை இன்றும் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள். கடல் நுரை ஒன்றைப் பையில் எடுத்துப் போக மறக்காதீர்கள்.