கைத்தொழில் காத்த கலை: கே.சி.எஸ். பணிக்கரும் சோழமண்டலமும்

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் அய்யனார் கோயிலுக்குச் செல்வோர், மரநிழலில் வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகளைக் கண்டிருப்பர். அவற்றைச் செய்தளிப்பவர் வேளார் மரபினர். பானையும் சட்டியும் வனைந்து குடும்பம் நடத்திய அதே கைகள்தாம், நேர்த்திக்கடனுக்குரிய காலம் வந்ததும் ஆளுயரக் குதிரையையும் எழுப்பின. சந்தைக்குப் போகும் பானைக்கும் சாமிக்குப் போகும் குதிரைக்கும் மண் ஒன்று; கையும் ஒன்று. பானை விற்ற காசு அடுப்பில் உலையேற்றியது. அதனாலேயே குதிரை செய்யும் திறமையும் தலைமுறை தாண்டி நின்றது.

தொழில் சோறு போட, அதன் துணையில் கலை நிமிர்ந்து நிற்கும் இந்த முறையை, சென்னையில் கல்லூரிப் பயிற்சி பெற்ற ஓவியர்கள் சிலரும் மேற்கொண்டனர். தனித்தனியாக அன்று, சங்கமாகக் கூடி மேற்கொண்டனர். அவர்களை வழிநடத்தியவர் ஓவியரும் ஆசிரியருமான திரு. கே.சி.எஸ். பணிக்கர். அவருடைய வரலாறு ஓவியம் அறிந்தோருக்கு மட்டும் உரியதன்று. கைத்திறனை மூலதனமாகக் கொண்ட கூட்டுறவு அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது.

பள்ளியும் ஆசிரியரும்

சென்னைக் கலைப் பள்ளியை 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கினார். இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்று வழங்குவது அதுவே. தொடக்கத்தில் கைத்தொழிற் பயிற்சியே அதன் முதன்மையான நோக்கமாக இருந்தது. பின்னர் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் ஓவியமும் சிற்பமும் அங்கே தனிச் சிறப்புப் பெற்றன.

பணிக்கர் 1911-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தவர். இளமையிலேயே தூரிகை பிடித்தவராயினும், குடும்பத்தின் பொருட்டுத் தந்தி இலாகாவிலும் ஆயுள் காப்பீட்டுத் துறையிலும் உழைத்த பின்னரே கலைப் பள்ளியில் சேர முடிந்தது. 1936 முதல் 1940 வரை அங்கே மாணவர், 1941-இல் அங்கேயே ஆசிரியர், 1957-இல் முதல்வர். 1944-ஆம் ஆண்டு முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவி, தென்னாட்டு ஓவியரின் படைப்புகள் பொதுமக்கள் பார்வைக்கு வர வழி செய்தார்.

பிழைப்புக்காகக் கலையைத் தள்ளி வைக்க நேர்வது எத்தகைய துயரம் என்பதைப் பணிக்கர் தாமே அனுபவித்து அறிந்தவர். ஆகவே, பயிற்சி முடித்து வெளியேறும் மாணவரின் கதி அவரைப் பெரிதும் வருத்தியது. ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கை தேறிய இளைஞன், படம் வாங்குவார் இல்லாமையால் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக அமர்வான். பகல் முழுதும் கோப்புகளோடு கழிந்த பின், இரவில் தூரிகை எடுக்க மனமிருந்தாலும் உடல் இடங்கொடாது. சில ஆண்டுகளில் தூரிகை உலர்ந்துவிடும்.

கீரமங்கலத்துப் பூ விவசாயிக்கு இந்த இக்கட்டை விளக்க வேண்டுவதில்லை. பூவை அன்றே விற்றாக வேண்டும்; இல்லையேல் வாடிவிடும். ஓவியம் வாடாது, ஆனால் வாங்குவோர் வரும் வரை ஓவியன் வயிறு காத்திராது.

துணியில் கண்ட வழி

பணிக்கரும் அவருடைய மாணவரும் கண்ட வழி எளிதானது. ஓவியம் மெல்ல விற்கட்டும். அதே கைத்திறனைக் கொண்டு, மக்கள் விரும்பி வாங்கும் பொருள்களையும் செய்வோம் என்பதே அது. ஓய்வு நேரங்களில் உலோகத் தகட்டு வேலை, மட்பாண்டம், தோல் வேலை ஆகியவற்றில் ஈடுபட்டனர். அவற்றுள் நல்ல பலன் அளித்தது, ஜாவாத் தீவில் பேர்பெற்ற பாத்திக் என்னும் துணிவேலை.

பாத்திக்கின் முறை நெசவாளருக்கு எளிதில் விளங்கும். பருத்தி அல்லது பட்டுத் துணியிலுள்ள கஞ்சியை முற்றிலும் போக்கி உலர்த்த வேண்டும். தேன்மெழுகையும் பாரபின் மெழுகையும் கலந்து உருக்கி, சாயம் ஏறக்கூடாத இடங்களில் தூரிகையால் சூடாகத் தீட்ட வேண்டும். பின்பு துணியைச் சாயத் தொட்டியில் இட்டால், மெழுகு மூடிய இடம் தவிர மற்ற இடமெல்லாம் நிறம் பற்றும். வெளிறிய நிறம் முதலிலும் அடர்ந்த நிறம் பின்னருமாக, ஒவ்வொரு நிறத்துக்கும் இவ்வாறு மெழுகிட்டுத் தோய்த்தல் வேண்டும். சாயம் குளிர்ந்த நீரிலேயே பற்றுவதாக இருத்தல் இன்றியமையாதது; சூடான தொட்டியில் மெழுகு இளகிவிடும். இறுதியில் துணியைக் கொதிநீரில் இட்டால் மெழுகு உருகி மேலே மிதக்கும்.

தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், பாரபின் வெடிக்கும். வெடிப்பின் வழியே சாயம் கசிந்து, நரம்பு போன்ற மெல்லிய கோடுகள் துணியில் படியும். அக்கோடுகளை எங்கே, எவ்வளவு வரவிடுவது என்பது செய்பவரின் தேர்ச்சியைப் பொறுத்தது. இரண்டு துண்டுகள் ஒருபோதும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஆகவே ஓவியப் பயிற்சி பெற்ற கைக்கு இந்த வேலை ஏற்றதாயிற்று.

மெழுகிட்டுச் சாயம் தோய்ப்பது நம் நாட்டிற்கும் புதியதன்று. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற வண்ணந்தீட்டிய பருத்தித் துணிகளில், அவுரிச் சாயத் தொட்டியில் இடுமுன் நீலம் ஏறக்கூடாத பகுதிகளை மெழுகால் மூடுவதே வழக்கம். பழைய கரையோரத் தொழிலின் ஒரு கூறு, புதிய வடிவில் மீண்டும் அக்கரைக்கே வந்து சேர்ந்தது எனலாம்.

சங்கமும் நிலமும்

1964-ஆம் ஆண்டில் ஓவியர் கைவினைச் சங்கம் தோன்றியது. துணியும் பிற கைவினைப் பொருள்களும் நன்கு விற்பனையாயின. வந்த பணத்தைத் தனித்தனியே பங்கிட்டுச் செலவழித்திருந்தால், ஆளுக்குச் சில மாதச் சௌகரியத்தோடு கதை முடிந்திருக்கும். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. 1966-ஆம் ஆண்டில் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில், மணற்பாங்கான கடற்கரை நிலம் ஏறக்குறைய 10 ஏக்கர் வாங்கினர். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர் அம்முயற்சியில் சேர்ந்தனர். சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று அதற்குப் பெயரிட்டனர்.

வீடுகள், வேலைக்கூடங்கள், காட்சிக்கூடம், திறந்தவெளி அரங்கம் ஆகியவை காலப்போக்கில் எழுந்தன. கிராமத்தின் நிர்வாகம் கலைஞர் கையிலேயே இருந்தது. விற்பனை வருவாயைக் கொண்டே பொதுக் காரியங்கள் நடைபெற்றன. நிலமும் விற்பனையும் நிர்வாகமும் பொது. தூரிகை மட்டும் அவரவர்க்குச் சொந்தம். பெயரில் அது கைவினைச் சங்கமாயினும், நடைமுறையில் கூட்டுறவின் சாரத்தை அதில் காண்கிறோம்.

ஆசிரியர் காட்டிய நெறி

1967-இல் ஓய்வுபெற்ற பணிக்கர் சோழமண்டலத்திலேயே தம் பணியைத் தொடர்ந்தார். 1954-ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று வந்தவர் அவர். மேனாட்டாரைப் பின்பற்றி வரைவதோடு நிற்காமல், நம் மண்ணுக்குரிய வடிவத்தைத் தேடினார். 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையில், மலையாள எழுத்துகளைப் போன்ற கீற்றுகளையும், ஜாதகக் கட்டங்களையும், கணக்குக் குறிகளையும் காணலாம். அவ்வெழுத்துகளைக் கூட்டிப் படித்தால் பொருள் வாராது. கண்ணால் கண்டு அனுபவிக்க வேண்டியவை அவை. சோதிடர் விரிக்கும் ஏடு போன்ற எளிய பொருளிலிருந்து புதிய கலை பிறக்கக்கூடும் என்பதை இதனால் உணர்த்தினார்.

ஆயினும் தம்மைப் போலவே வரையுமாறு அவர் மாணவரை வற்புறுத்தியதில்லை. அவர்களின் படைப்புகளே இதற்குச் சான்று. கே. ராமானுஜம் மைக்கோடுகளால் கனவு நகரங்களை எழுப்பினார். கே.வி. ஹரிதாசன் யந்திர வடிவங்களைக் கையாண்டார். எஸ்.ஜி. வாசுதேவ் மரத்தின் உருவைப் பலவாறு வரைந்ததோடு செப்புத் தகட்டிலும் வேலை செய்தார். பின்னாளில் பெங்களூரில் நெசவுக் கலைஞர் ஒருவருடன் சேர்ந்து தம் ஓவியங்களைத் தறியிலும் ஏற்றினார். பணிக்கரின் மைந்தர் எஸ். நந்தகோபால் உலோகச் சிற்பியாகப் புகழ்பெற்று, 2017-ஆம் ஆண்டில் காலமானார். ஒருவரின் சாயல் மற்றவரிடம் இல்லை. மாணவனுக்குக் கைப்பழக்கம் கொடுத்துக் கண்ணைத் திறந்துவிட்டபின் விலகி நிற்பதே நல்லாசிரியர் இலக்கணம்.

இம்முயற்சி எல்லார் துயரையும் தீர்த்துவிட்டது என்பதற்கில்லை. ராமானுஜம் 1973-இல் இளமையிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். சிலர் வெளிநாடு சென்றனர். சிலர் வேறு ஊர்களில் குடியேறினர். சங்கம் கூரையும் வேலைக்கூடமும் சந்தையும் தரலாம். மனத்தின் தனிமையை அதனால் முற்றும் போக்க இயலாது. ஆயினும் பணிக்கர் 1977-இல் மறைந்த பின்னரும் கிராமம் கலைந்துவிடவில்லை. 2009-ஆம் ஆண்டில் சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளுக்கென அருங்காட்சியகம் ஒன்றும் அங்கே திறக்கப்பெற்றது. மணற்காடாக இருந்த ஈஞ்சம்பாக்கம் இன்று சென்னை மாநகராட்சிக்குட்பட்ட பகுதி.

நம் சங்கங்களுக்கு

நெசவாளர் வீட்டுப் பிள்ளை தறியை விட்டு நகரத்து வேலைக்குச் செல்வதை நாம் அன்றாடம் காண்கிறோம். அவனைக் குறை கூறிப் பயனில்லை. தன் கைத்திறன் தனக்குச் சோறு போடும் என்ற உறுதி ஏற்பட்டால் அவன் ஏன் போகிறான்? இவ்வுறுதியைத் தனி ஒருவர் ஏற்படுத்திக்கொள்ளுதல் அரிது. பலர் கூடினால் இயலும் என்பதைச் சோழமண்டலம் காட்டுகிறது. கைத்தறி விற்பனைக்காக 1935-இல் நிறுவப்பெற்ற கோ-ஆப்டெக்ஸும் இக்கருத்தின் மேல் எழுந்ததே.

நம் சங்கங்கள் உடனடியாகச் செய்யத்தக்கவை உண்டு. மாதத்தில் இரண்டு மாலைகளை ஒதுக்கி, இளைஞருக்குக் கோலமும் கரை வடிவமும் வரையப் பயிற்சி அளிக்கலாம். அயலில் உள்ள சித்தன்னவாசலுக்கு அவர்களை அழைத்துச் சென்று, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தாமரைத் தடாக ஓவியத்தின் கொடியையும் மலரையும் தாளில் எழுதிவரச் செய்யலாம். அவற்றுள் சிறந்த ஒன்றையேனும் ஒரு துண்டிலோ போர்வையிலோ நெய்து பார்க்கலாம். விற்ற இலாபத்தில் சிறு பகுதியை அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கென ஒதுக்கி வைத்தல் வேண்டும். ஓவியர்கள் துணி விற்ற பணத்தால் நிலம் வாங்கினார்கள். துணியையே தொழிலாகக் கொண்ட நாம், அப்பணத்தில் ஒரு பயிற்சிக் கூடமேனும் அமைத்தல் தகும்.